இணையாத சாதனம்: ஒன்று

ஹாலில் ஒரு ஸ்பீக்கர்,
சமையலறையில் மூலை உடைந்த டேப்லெட்,
லேப்டாப், என் போன், அவர் போன்,
காரில் செருகிய பென் டிரைவ்.
எல்லாவற்றுக்கும் தாய்வீடு
ஷூ ஸ்டாண்டின் மேல் முனகிக்கொண்டிருக்கும்
இரண்டு டெராபைட் கறுப்புப் பெட்டி.

பதினோராயிரத்துச் சொச்சம் பாட்டு.
பாலக்கோட்டிலிருந்து நான் கொண்டுவந்த தமிழ்,
முனிராஜு வீட்டுத் தெலுங்கு,
லிகிதா பெங்களூர் ஹாஸ்டலில் சேர்த்த கன்னடம்.
ஒரே பாடகி
மூன்று எழுத்தில் மூன்று பேராகிக்
கிடந்தாள் பட்டியலில்.
ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து
அவளை ஒருத்தியாக்கினேன்.
எந்த எழுத்தில் பெயர் வைப்பது என்பதில்
ராத்திரிச் சோறு ஆறிப்போனது.
கடைசியில் இங்கிலீஷ்.
"யாருக்குமே திருப்தியில்லை, அப்போ நியாயம்தான்"
என்றார் முனிராஜு.

சிப்காட்டில் எனக்கு வேலை
பத்து மைக்ரான் பிசகின பின்னை
சிவப்புத் தட்டில் ஒதுக்குவது.
வீட்டிலும் அதே கை.
ஓரிடத்தில் சேர்ந்தால் எல்லா இடத்திலும் சேரட்டும்,
ஓரிடத்தில் போனால் எல்லா இடத்திலும் போகட்டும்
என்று அமைத்து வைத்தேன்.
இரண்டாவதை டிக் செய்தபோது
யோசிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம்
அத்திப்பள்ளி தாண்டி வந்த பஸ்ஸிலிருந்து இறங்கி
அவள் கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே
வைஃபை பிடித்துவிடும்.
காலிங் பெல்லுக்கு முன்னால்
என் திரையில் ஒரு பச்சைப் புள்ளி:
லிகிதா போன் இணைந்தது.
அதைப் பார்த்துத்தான் தோசைக்கல்லை வைப்பேன்.

அன்று புள்ளி வந்தது.
பின்னாலேயே எண் குறையத் தொடங்கியது.
பத்து, நாற்பது, நூற்றுப் பன்னிரண்டு.
சமையலறைப் பாட்டு
பல்லவியின் நடுவில் நின்றது.
'ப' என்று ஒற்றை எழுத்தில் பெயர் வைத்த ஃபோல்டர்.
இரண்டு வருஷமாய் வீடெல்லாம் ஒலித்தது.
யார் இந்தப் ப என்று
நாங்கள் கேட்டதில்லை.

பெல் அடித்தது.
பையை இறக்கிவிட்டு "பசிக்குது" என்றாள்.
மூன்று தோசை.
கண்ணைப் பார்க்காமல்
சட்னி ஊற்றக் கற்றுக்கொண்டேன் அன்றைக்கு.

முப்பது நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும்
என்றது பெட்டி.
மீட்கவா? என்று ஒரு பொத்தான்.
மீட்டால் அவள் போனுக்கும் போய்ச் சேரும்,
நூற்றுப் பன்னிரண்டும்,
ஹாஸ்டல் கட்டிலில், விடிகாலையில்,
கேட்காமலே.
விரலை எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு, பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவிடப் போனோம்.
பாகலூர் ரோட்டு சிக்னலில் சிவப்பு.
மாசாமாசம் கழற்றிக் கொண்டு வாங்க என்று
நான் கத்தியும்
ஆயுதபூஜையிலிருந்து முனிராஜு கழற்றாத பென் டிரைவ்
அடுத்த பாட்டுக்குத் தாவியது.
முதலில் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம்.
அப்புறம் கிடார்,
கொஞ்சம் சுருதி விலகி,
ஸ்டூடியோவில் எடுத்ததில்லை.

அவர் கை பட்டனுக்குப் போனது.
பின்சீட்டிலிருந்து
"இருக்கட்டும்ப்பா."

நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.
பச்சை விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை நாங்கள்.
தக்காளி ஏற்றிய மினி லாரி ஒன்று
பின்னால் நின்று ஹாரனிலேயே திட்டியது.
முடிந்ததும் அவளே முன்னால் எட்டி
அடுத்ததைத் தட்டினாள்.
அப்பாவின் ஏதோ தெலுங்குப் பாட்டு.
அதற்கு இரண்டு வரி
தப்பாகப் பாடினாள்.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால்:
இணையாத சாதனம் ஒன்று.
கடைசியாகக் கண்டது அக்டோபர்.
பட்டியலிலிருந்து எடுத்துவிடவா?

'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தினேன்.
செருப்பைக் கழற்றியபடி முனிராஜு,
"என்ன, இந்த மாசம்
பென் டிரைவுக்குத் திட்டவே காணோம்?"